ராத்திரி மூணு மணி அலாரத்துக்கு யார் எழுந்திருப்பது?

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்த வாரத்தில் நாங்கள் அதிகம் கேட்ட வார்த்தை "தைரியமா இருங்க". டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னார், பக்கத்துக் கட்டில் பையனின் தாத்தா சொன்னார், போனில் கூப்பிட்ட சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். தைரியமாக இருப்பதென்றால் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அழக் கூடாதா, அழலாம் ஆனால் குழந்தை முன்னால் கூடாதா, ஆபீசில் சொல்லலாமா, தீபாவளிக்கு லட்டு பிடிக்கலாமா? எதுவும் புரியாமல்தான் டிஸ்சார்ஜ் ஷீட்டையும் இன்சுலின் பாட்டிலையும் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். அவளுக்கு அப்போது 7 வயது. இப்போது 15.

உளவியல் படித்தவர்கள் இந்தத் தைரியத்துக்கு வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள்: மீள்திறன். ஒரு பெரிய அடி விழுந்த பிறகும் நொறுங்கிப் போகாமல், தட்டுத் தடுமாறியாவது வாழ்க்கையை மறுபடி ஓட வைக்கிற திறன். இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. 'மீள்' என்றதும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போவது போல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. ஆயுசுக்கும் கூட வரப்போகிற ஒரு நோயில் பழைய இடம் என்று ஒன்று கிடையாது. ஊசியும் மீட்டரும் இருக்கிற வீட்டிலேயே சிரிப்பு, சண்டை, பரீட்சை, சினிமா என்று ஒரு சாதாரண நாளைத் திரும்ப உண்டாக்கிக்கொள்வதுதான் இங்கே மீள்வது. அது பிறவியிலேயே சிலருக்கு வாய்க்கிற கல் மனசு இல்லை. பெரும்பாலும் வீட்டு வேலையை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறோம், என்ன வார்த்தை பேசுகிறோம் என்பதில்தான் இருக்கிறது என்று இந்த எட்டு வருஷத்தில் எனக்குத் தோன்றியிருக்கிறது. நான் டாக்டர் இல்லை, அப்பன்.

நோயைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நாம் ஊரெல்லாம் பார்க்கிற, நாற்பது வயதுக்கு மேல் வருகிற சர்க்கரை நோய் வேறு, இது வேறு. உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே வழி தவறிப் போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு நிறையத் தின்றதால் வருவதில்லை, அம்மா கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதாலும் வருவதில்லை. இன்சுலினை வெளியிலிருந்து போட்டே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் நாளுக்கு நாலு ஊசி, அப்படியென்றால் வருஷத்துக்கு 1460. விரல் நுனியில் குத்திச் சுகர் பார்ப்பது தனிக் கணக்கு. சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் 'லோ'. கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும், கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரை போகலாம். ரொம்ப நேரம் ஏறியே இருந்தால், அதுவும் இன்சுலின் போதாமல் இருந்தால், ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலப் பொருள் சேர்ந்து ஐசியூவில் கொண்டுபோய் விடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழந்தை பள்ளிக்கூடம் போக வேண்டும், கபடி விளையாட வேண்டும், கல்யாண வீட்டில் சாப்பிட வேண்டும். நாங்கள் மட்டும் தனியாக மாட்டிக்கொண்டோம் என்று முதலில் நினைத்தேன். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 கணக்குப்படி இந்தியாவில் 20 வயதுக்கு உட்பட்டவர்களில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது.

சரி, இப்போது அலாரம்.

ஆரம்பத்தில் ராத்திரி 3 மணிக்கு ஒரு தடவை சுகர் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், தூக்கத்தில் லோ ஆனால் தெரியாது என்பதால். முதல் வருஷம் முழுக்க அந்த அலாரத்துக்கு எழுந்தவள் என் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது பக்கத்தில் நின்றது அவள்தான், நான் அப்போது மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அதையே சாக்காக வைத்து "உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். பாராட்டு போலத்தான் இருக்கும் கேட்பதற்கு. ஒரு நாள் அவளுக்கு 103 டிகிரி காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. காலையில் நான் அடுப்படியில் டியூப் லைட்டுக்கு அடியில் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நம் ஊரில் இன்சுலின் பாட்டில் 40 யூனிட் கணக்கிலும் வரும், 100 யூனிட் கணக்கிலும் வரும். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி, மாற்றிப் போட்டால் அளவே தலைகீழாகிவிடும். என் கையில் இருப்பது எந்த மூடி, பாட்டிலில் இருப்பது எந்தக் கணக்கு என்றே எனக்குத் தெரியவில்லை. பள்ளிச் சீருடையோடு சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்ற என் மகள்தான், "சிவப்புப்பா, ஆறாவது கோடு" என்றாள். 8 வயதுக் குழந்தை.

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தில் ஒரு காலண்டர் வாங்கி மாட்டினேன், கட்டம் கட்டமாக இருக்கும் மாதக் காலண்டர். யார் எந்த ராத்திரி எழுந்திருப்பது என்று அதில் எழுதினோம். 'அ' என்று போட்டால் அப்பாவா, அம்மாவா, அப்பாயியா என்று சண்டை வந்து, பிறகு ஆளுக்கொரு கலர் பேனா ஆனது. ஆமாம், அப்பாயியும்தான். என் அம்மாவுக்கு அப்போது 66 வயது, ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் மீட்டரில் எண் பெரிசாகத் தெரிகிறது, சுகர் பார்க்க மட்டும் நான் பார்க்கிறேன், குறைச்சலாக இருந்தால் உங்களை எழுப்புகிறேன் என்று சனிக்கிழமையை எடுத்துக்கொண்டார். வாரத்தில் மூன்று ராத்திரி விடாமல் தூங்கத் தொடங்கிய பிறகுதான் என் மனைவி மறுபடி ஜோக் அடித்தாள். அதுவரை அவள் மனசு உடைந்து போயிருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தூக்கம் போதவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை!

நான் ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், குடும்ப மீள்திறன் பற்றிப் பேசுகிறவர்கள் நம்பிக்கை, மனந்திறந்த பேச்சு எல்லாவற்றையும் சொல்கிறார்கள், எல்லாம் சரிதான், ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒருத்தி மேல் மொத்தப் பாரமும் விழுகிறது, அந்த ஒருத்தி சாய்ந்தால் வீடே சாய்கிறது. நோயைக் கையாளத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர் வீட்டில் இல்லாதவரை மற்ற அறிவுரை எதுவும் ஒட்டாது.

அடுத்தது, மார்க். இது எங்கள் வீட்டில் நடந்த தப்பு, என் தப்பு. மீட்டரில் 286 என்று காட்டினால் என் வாயில் முதலில் வருவது "என்ன சாப்பிட்டே?" என்பதுதான். 120 என்றால் "வெரி குட்". நம் பிள்ளைகளுக்கு எண்ணைக் காட்டினாலே பரீட்சை ஞாபகம் வரும், அதில் இது வேறு. அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது சுகர் எழுதும் நோட்டு திடீரென்று ரொம்ப அழகாகிவிட்டது: 112, 124, 118, 121. எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையோ மேலே போயிருந்தது. மீட்டரின் மெமரியைத் தட்டிப் பார்த்தால் நிஜ எண்கள் அத்தனையும் உட்கார்ந்திருக்கின்றன, 240, 275, 198. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆஸ்பத்திரியில் டயட் சொல்லித் தருகிற அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காய்ச்சல் 102 காட்டினா தெர்மாமீட்டரைத் திட்டுவீங்களா, பிள்ளையைத் திட்டுவீங்களா சார்?"

அதிலிருந்து வீட்டில் வார்த்தையை மாற்றினோம். நல்ல சுகர், கெட்ட சுகர் கிடையாது. ஏறியிருக்கு, இறங்கியிருக்கு, அவ்வளவுதான். எண்ணைக் கேட்டதும் முதலில் சொல்ல வேண்டியது, "சரி, இப்ப என்ன பண்ணலாம்?" ஏன் ஏறியது என்பதைச் சாப்பிட்டு முடித்து, முகம் தெளிந்த பிறகு பேசிக்கொள்ளலாம், சில நாள் காரணமே இருக்காது. சளி பிடித்தாலும் ஏறும், பரீட்சைப் பதற்றத்திலும் ஏறும், வயசுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன் மாற்றத்தாலேயே இன்சுலின் அதிகம் தேவைப்படும். இதெல்லாம் அவள் செய்த தப்பு இல்லை. நம் வாய் பழகிய வாய், இன்னமும் எனக்கு "என்ன சாப்பிட்டே" வந்துவிடுகிறது, பாதியில் முழுங்குகிறேன், அவள் சிரிக்கிறாள்.

துக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் மாதம் அழுது தீர்த்துவிட்டால் அப்புறம் வராது என்று நினைத்தோம். வரும். அமெரிக்காவில் சைமன் ஓல்ஷான்ஸ்கி என்பவர், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரைப் பற்றி 1962-ல் எழுதியபோது, இந்தத் துக்கம் மனநோய் இல்லை, இயல்பானது, ஆயுள் முழுக்க விட்டுவிட்டு வரும் என்று சொன்னார். அதை நாள்பட்ட துயரம் என்கிறார்கள். இது எனக்குத் தெரிந்தபோது பெரிய ஆறுதல். ஏனென்றால் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்று ஒரு நோட்டீஸ் வரும், அல்லது மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ "இனிமேதான் கவலையே" என்பார்கள், நெஞ்சு பழையபடி அடைக்கும். ஐந்து வருஷமாகியும் இப்படி இருக்கிறோமே, நாம் தேறவே இல்லையோ என்று குழம்ப வேண்டாம். அழுகை வந்த அன்றும் மணிக்கு ஊசி போட்டிருக்கிறோமா, அப்படியானால் தேறித்தான் இருக்கிறோம்.

குழந்தை முன்னால் அழலாமா என்று கேட்பார்கள். எப்போதாவது அழுதால் குடி முழுகிவிடாது. "அம்மாவுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல, உன்னால இல்ல, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு அழுதால்தான் குழந்தை அது தன்னால் என்று எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு பிள்ளை இருந்தால் அவனை மறந்துவிடுவோம், எல்லோரும் மறக்கிறார்கள். எங்கள் பையன் அவளுக்கு மூன்று வயது மூத்தவன். நோய் வந்த வருஷம் தீபாவளிக்கு வீட்டில் இனிப்பே செய்யவில்லை, பெரிய தியாகம் என்று நினைப்பு. சாயங்காலம் பார்த்தால் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டில் கொடுத்த மைசூர்பாகை நின்ற நிலையிலேயே முழுங்கிக்கொண்டிருக்கிறான், என்னைப் பார்த்ததும் திருடனைப் போல வாயைத் துடைக்கிறான். அப்புறம் கொஞ்ச நாள் அவனுக்கு அடிக்கடி தலை சுற்றியது, "எனக்கும் சுகர் பாருங்க" என்பான். பார்த்தால் 94 இருக்கும். அவனுக்குச் சுகர் இல்லை, எங்கள் கவனம்தான் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனும் நானும் மட்டும் வண்டியில் எங்காவது போய் டிபன் சாப்பிட்டு வருவது என்று வைத்தோம், அந்த நேரத்தில் தங்கச்சியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். இனிப்பும் அடுத்த தீபாவளிக்குத் திரும்பி வந்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அளவு பார்த்து, அதற்கேற்ற இன்சுலினோடு இந்தப் பிள்ளைகளும் ஒரு துண்டு சாப்பிடலாம்.

சொந்தபந்தம். நான் நோயைக்கூட மன்னித்துவிடுவேன், சில கேள்விகளை மன்னிக்க மாட்டேன். "எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?" என்று ஒரு பெரியவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே கேட்டார். ஒரே கேள்வியில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஆறு மாதத்துக்குச் சண்டை விதைத்துவிடலாம். அடுத்தது "பொட்டப்புள்ள, வெளிய சொல்லாதீங்க". நாங்களும் இரண்டு வருஷம் சொல்லவில்லை. அதன் விலை என்னவென்றால், அவள் பள்ளிக் கழிப்பறையில் நின்று ஊசி போட்டுக்கொண்டாள், லோ ஆனபோது பக்கத்துப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறைத்தால் அது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று குழந்தைக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுக்கிறோம். பிறகு ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டோம், வீட்டில் எல்லோரும் அதையே சொல்வது: "உடம்புல இன்சுலின் சுரக்கல, அதனால ஊசியாப் போடுறோம்." அதற்கு மேல் கேட்டால், "காபி ஆறிடும் மாமா."

இதிலேயே ஆபத்தான ரகம் ஒன்று உண்டு. இன்சுலினை நிறுத்திவிட்டு எங்கள் கஷாயத்தைக் கொடுங்கள், மூன்று மாதத்தில் சரியாகும் என்பவர்கள். இன்சுலின் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் போடப்பட்டது 1922 ஜனவரியில், கனடாவின் டொரண்டோவில், 14 வயதுப் பையன் ஒருவனுக்கு. அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகி இறந்துபோனார்கள், பட்டினி கிடக்க வைத்துக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவதுதான் வைத்தியமாக இருந்தது. நிறுத்தினால் நாம் போவது அந்தக் காலத்துக்குத்தான். சாமி விஷயம் வேறு. என் அம்மா சமயபுரத்துக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டார், போய்ப் போட்டுவிட்டு வந்தோம், வரிசையில் நிற்கும்போது சுகர் பார்த்து அங்கேயே ஊசியும் போட்டோம். நம்பிக்கை ஒருவருக்குத் தெம்பு கொடுக்குமென்றால் கொடுக்கட்டும், ஊசியின் இடத்தில் வராமல் இருந்தால் சரி.

பள்ளிக்கூடம். ஒரு பள்ளியில் "ரிஸ்க் எடுக்க முடியாது" என்று சுற்றுலாவுக்குச் சேர்க்க மறுத்தார்கள். சண்டை போட்டதில் பயன் இல்லை, ஒரு பக்கத் தாளில் லோ ஆனால் என்ன தெரியும், எத்தனை ஸ்பூன் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108 என்று எழுதிக் கொடுத்ததில்தான் பயன் இருந்தது. சிபிஎஸ்இ 2017-லேயே பொதுத்தேர்வு அறைக்குள் இந்த மாணவர்கள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் 2023-ல், வகுப்பில் சுகர் பார்க்கவும் ஊசி போட்டுக்கொள்ளவும் விட வேண்டும் என்று பள்ளிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கேட்கும்போது கெஞ்ச வேண்டியதில்லை.

ஹவாயின் காவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் விடாமல் கவனித்த எம்மி வெர்னர் என்ற உளவியலாளரின் ஆய்வு, மீள்திறன் பேச்சு எங்கே நடந்தாலும் வரும். வறுமை, குடும்பக் குழப்பம் என்று பல அடிகளோடு வளர்ந்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நல்லபடியாக ஆளானார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்த ஒன்று, விட்டுவிடாமல் கூட நின்ற ஒரு பெரியவராவது இருந்தது. பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பாட்டியோ ஆசிரியரோ போதும். என் மகளுக்கு அது அவளுடைய பி.டி. டீச்சர். தன் விசில் கயிற்றோடு ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டையும் கட்டிக்கொண்டு அலைந்தார், நாங்கள் கேட்காமலே.

எவ்வளவு செய்தாலும் சில சமயம் தாங்காது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் அதைத் தைரியத்தால் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். மனநல ஆலோசகரைப் பாருங்கள், உங்கள் குழந்தையின் டாக்டரிடமே கேட்டால் அனுப்புவார். 14416, டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அப்பாக்கள் கூப்பிட மாட்டோம், அதனால் நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வளர்ந்த பிள்ளை ஒரு நாள் "இனி ஊசியே போட மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டால் அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது களைப்பு. அன்றைக்கு ஊசியை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு, டாக்டரிடமும் உடனே சொல்லிவிடுங்கள். 13 வயதாகிவிட்டது, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று மொத்தமாகக் கைகழுவுவது இந்த நோயில் சரிப்படாது. சீக்கிரம் கைமாற்றினால் சுகர் கெடுகிறது, கைமாற்றவே இல்லையென்றால் வீட்டில் போர். படிப்படியாக, இரண்டு அடி முன்னால், ஒரு அடி பின்னால்.

போன மாதம் காலண்டரில் ஒரு வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் பச்சைக் கலரில் ஒரு கையெழுத்து. எங்கள் மூன்று பேர் கலரும் இல்லை, அவளுடையது. நான் ஒன்றும் கேட்கவில்லை. என் போனிலும் மூணு மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு, அது அடிப்பதற்கு முன்பே முழித்துப் படுத்திருந்தேன். பக்கத்து அறையில் லைட் எரிந்தது, விரல் குத்துகிற பேனாவின் 'டிக்' கேட்டது, அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"142. தூங்குப்பா," என்றாள்.